குளத்துக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள்!

போன மாதம் எங்கள் குளத்துக்கு நடுவே ஒரு குடியிருப்புப் பகுதி வந்துவிட்டது. செங்கல் இறங்கவில்லை, ஆள் குடியேறவில்லை... வரைபடத்தில் மட்டும்!

விஷயம் இதுதான். எங்கள் சின்ன நகரத்துக்கு அடுத்த இருபது வருடத்துக்கான மாஸ்டர் பிளானைப் புதுப்பிக்கிறார்கள். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே வயல், எந்தப் பக்கம் ரோடு என்று நிறம் தீட்டிய வரைவுப் படம் ஒன்றைக் கல்யாண மண்டபத்தில் ஒட்டிவைத்து, ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்றார்கள். என்னை அங்கே இழுத்துப் போனவர் ஸ்டெல்லா மைனி. என் அண்ணன் மனைவி. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். வீடு, வாசல், வம்பு, வழக்கு எல்லாம் இங்கே மைனி பொறுப்பு.

மண்டபத்தில் நல்ல கூட்டம். ஊர் நலனில் இத்தனை பேருக்கு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்தது. கிட்டே போனால்தானே தெரிகிறது! ஒருவருக்கு, வரப்போகும் ரோடு அவர் காம்பவுண்டைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைத் தொட்டால் பரவாயில்லை. இன்னொருவருக்கு, அவர் வயல் உடனே வீட்டுமனை ஆகியாக வேண்டும். எதிர்த்த வயல்? அது பச்சையாகவே கிடக்கட்டும், காற்று வருமே!

மைனி விரலை வைத்து எங்கள் தெருவைத் தேடினார். தெரு கிடைத்தது. தெருவுக்குப் பின்னால் இருக்கிற குளத்தைத்தான் காணோம். அந்த இடம் முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு.

"ஏட்டி, நம்ம குளம் எங்கட்டி?"

அங்கே நின்றிருந்த திட்ட அலுவலர் வடக்கே ஏதோ மாவட்டத்துக்காரர். பொறுமையானவர். "பழைய பதிவுல குளம்தாங்க. ஆனா இப்ப உள்ள நிலைமையை வெச்சுத்தான் படம் போடறோம். சாட்டிலைட்ல பார்த்தா ஒரு சொட்டுத் தண்ணி தெரியல. புல்லு முளைச்ச காலி இடம் மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் என்னவென்று சண்டை போடுவது? குளம் முழுக்க ஆகாயத்தாமரை. கரைக்குக் கரை மூடிக் கிடக்கிறது. கரையில் குடியிருக்கும் நாங்களே தண்ணீரைப் பார்த்து வருடக்கணக்காகிறது. வானத்திலிருந்து பார்க்கிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

மைனி விடவில்லை. "சார், அன்னிக்குப் பெரிய மழை பெய்தப்ப மேட்டுத் தெரு வெள்ளம் பூராவும் இந்தக் குளத்துலதான் வந்து கிடந்துது. அப்பமே எனக்க வீட்டு நடை வரைக்கும் கேறிச்சு. குளத்தை மூடி வீடு வெச்சா அது எங்க போவும்? எனக்க அடுக்களைக்குள்ளதான் வரும்!"

"நேர்ல வந்து பார்க்கிறேம்மா. தண்ணி இருந்தா நீர்நிலைன்னு மாத்த எழுதறேன். வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள்."

"வாங்க சார். கிடக்கும்."

எப்படிக் கிடக்கும்? வழியெல்லாம் கேட்டேன். மைனி எத்தனை ஆள் தேறும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்.

எங்கள் பகுதியில் ஆகாயத்தாமரையை அள்ள ஆள் திரட்ட வாட்ஸ்அப் எல்லாம் உதவாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். அன்றைக்கே அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற தாங்கலிலும், உச்சிப்படிப்பு என்கிற மதிய வழிபாடு முடிந்ததும் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் சொல்லி மற்ற இடத்தை விட்டால் தொலைந்தோம்! மைனி இரண்டு இடத்திலும் சொல்லவைத்தார். அதோடு நின்றாரா? தாங்கல் வாசலில், "மேக்குக் கரையை சர்ச்சுக்காரங்க ஒத்த நாளுல முடிச்சிருவாங்களாம்" என்று ஒரு வார்த்தை. சர்ச் வாசலில், கிழக்குக் கரையையும் தாங்கல்காரர்களையும் வைத்து அதே வார்த்தை. என் காதாலேயே கேட்டேன்.

சனிக்கிழமை காலை திருவிழாக் கூட்டம்தான். இரண்டு கரையிலும் தனித்தனி அண்டாவில் கஞ்சி. மைனி பிறந்த ஊர் கடற்கரையில் இருக்கிற இனயம். அங்கிருந்து அவர் தம்பிகள் டெம்போவில் ஒரு வள்ளத்தையும் பழைய கரமடியையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இழுப்பார்களே, அந்தப் பெரிய வலை. அதை வைத்து ஆகாயத்தாமரையை வளைத்தார்கள். ஒரு கயிறு மேற்கே, ஒரு கயிறு கிழக்கே... இழு!

இழுத்தார்கள், இழுத்தார்கள், முகமெல்லாம் சிவந்துவிட்டது. வலை நகரவே இல்லை. எப்படி நகரும்? இவர்கள் மேற்கே இழுக்கிறார்கள், அவர்கள் கிழக்கே இழுக்கிறார்கள்! யாராவது விட்டுக்கொடுப்பார்களா? மானப் பிரச்சினை ஆயிற்றே! கடைசியில் கயிறு 'படார்' என்று அறுந்து, இரண்டு கரையிலும் அத்தனை பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். கூடுவது சுலபம். ஒரே பக்கமாக இழுப்பதுதான் பெரும்பாடு.

மைனி தலையில் அடித்துக்கொண்டார். "இங்க என்ன வடம் இழுக்கிற போட்டியா நடக்கு மக்கா? கரமடின்னா ரண்டு கயிறும் ஒரே கரைக்கு வரணும். மொதல்ல எல்லாரும் மேக்கே வாங்க. பொறவு எல்லாரும் கிழக்கே போவோம்."

"அதென்ன மொதல்ல மேக்கே?" என்று கிளம்பினார் தாங்கல் பக்கத்துத் தங்கராஜ் அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"எனக்க வீடு மேக்கேல்லா கிடக்கு! வெள்ளம் கேறுனா மொதல்ல எனக்கு. பொறவு உங்களுக்க கடைக்கு. அரிசி மூடை நனைஞ்ச பொறவுதான் வருவீங்களோ?"

அண்ணாச்சி கடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மேற்கே நடந்தார். அவர் பின்னால் கிழக்குக் கரையே நடந்தது... கஞ்சி அண்டாவையும் தூக்கிக்கொண்டு!

சாயங்காலம் நடுக்குளத்தில் தண்ணீர் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல என்ன வெட்கம்? இவ்வளவு தண்ணீர் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது!

திங்கட்கிழமை அலுவலர் சொன்னபடி வந்தார். செல்போனில் படம் எடுத்தார். "மாத்தச் சொல்லி எழுதிடறேம்மா. ஆனா இறுதிப் படம் வர இன்னும் மாசக்கணக்காகும். நடுவுல வேற யாராவது பார்க்க வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பாடா... முடிஞ்சுது மைனி" என்றேன்.

மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினார். ஓரத்தில் தப்பிக் கிடந்த ஓர் ஆகாயத்தாமரை அதற்குள் புதுக் குருத்து விட்டிருந்தது. வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்தார்.

"என்னத்த முடிஞ்சுது? அவங்க இருபது வருஷத்துக்குப் பிளான் போடட்டும். நாம எல்லாச் சனிக்கிழமையும் வரணும், கேட்டியா?"

இதை வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்புகிறேன். நாளை எனக்கு வேலை இருக்கிறது.