மச்சான் கப்டனான கோடை

விடத்தல்தீவுச் சிங்கராசாவுக்குக் கடலில் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. பதினாலு வயதில் தகப்பனோடு படகேறியவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே சேறா, மணலா, புல்லா என்று சொல்லிவிடுவார். இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, இரண்டாயிரத்துப் பத்தில் ஊர் திரும்பியபோது அவருடைய படகை விட்டுப்போன இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு குடும்பத்துக்கு ஒரு படகு என்று கொடுத்தது. பங்காளியாய் வாய்த்தவர் அருளப்பு. ஒருநாள் இவர், மறுநாள் அவர். நாற்பத்தாறு வயதில் பாதிப் படகுக்காரர்.

வின்சன்ட் அவருடைய மனைவி றஞ்சிதத்தின் தம்பி. அவனுக்குப் பதினாறு வயதாய் இருக்கும்போது சிங்கராசா தொழில் பழக்கவென்று கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரை மறைய முன்னரே அவன் குமட்டிச் சத்தி எடுத்து, படகின் அடியில் சுருண்டு படுத்து, "அம்மா, அம்மா" என்று அழுதான். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் வரவில்லை. சில வருடங்களில் பிரான்சுக்குப் போய், பரிசில் ஒரு உணவுக்கடையின் சமையலறையில் வேலைக்கு அமர்ந்துவிட்டான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் சிங்கராசா அந்தச் சத்திக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். வின்சன்ட் அனுப்பும் சாமான்கள் வீட்டுக்கு வரவர அந்தக் கதை அவருக்கு இன்னும் அதிகமாய்த் தேவைப்பட்டது.

2013 ஆடி மாதம் றஞ்சிதத்தின் போனுக்குப் படங்கள் வந்தன. அதுவும் வின்சன்ட் அனுப்பிய போன்தான்.

"இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ! தம்பி கப்பல் ஓட்டுறான்."

கப்பலில்லை. வீடு மாதிரி ஒரு வெள்ளைப் படகு. உள்ளே கட்டில், அடுப்பு, யன்னலுக்குச் சீலை. இரண்டு கரையிலும் மரங்கள் வரிசையாய் நிற்க, நடுவில் குளத்துத் தண்ணீர் போல அசையாத ஒரு வாய்க்கால். கோடை விடுமுறைக்கு அவனும் கூட்டாளிகளும் ஒரு கிழமை அந்தப் படகை வாடகைக்கு எடுத்து, வாய்க்கால் வழியே ஊர் ஊராய்ப் போனார்களாம். ஒரு படத்தில் வின்சன்ட் வெள்ளைத் தொப்பியோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொன்றில் படகின் கூரைமேல் கதிரை போட்டு, காலை நீட்டிப் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அலையே இல்லாத தண்ணியிலை ஆட்டுக்குட்டியும் ஓட்டும்," என்றார் சிங்கராசா.

ஆனால் றஞ்சிதம் கிணற்றடிக்குப் போனதும் அவர் போனை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கி, கரையில் படகைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். முடிச்சில் பிழை இருக்கும் என்று நம்பினார். முடிச்சு சரியாய்த்தான் இருந்தது. அது அவரை மத்தியானச் சோறுவரைக்கும் அரித்தது.

"கேட்டுப் பார், அங்கை படகோட்டப் பாஸ் ஆர் குடுக்கிறதெண்டு," என்றார் சாப்பிடும்போது.

றஞ்சிதம் அன்று பின்னேரமே தம்பியிடம் கேட்டாள். வின்சன்டின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "பாஸோ? ஒண்டும் தேவையில்லை அக்கா. அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டுவினம். பிறகு திறப்பைத் தருவினம். நாங்கள் போகவேண்டியதுதான்."

சிங்கராசா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். முப்பது வருடம் கடலோடியவர் ஒவ்வொரு நாளும் கடற்படைக் காவலரணில் பாஸைக் காட்டி, பெயர் பதிந்துவிட்டுத்தான் படகைத் தள்ளவேண்டும். சமையலறையில் வெங்காயம் வெட்டுகிறவனுக்கு அரை மணித்தியாலம் போதுமாம். மெத்தைக் கட்டிலையும் கூரைமேல் கதிரையையும்விட அவரை அதிகமாய்ச் சுட்டது அந்த அரை மணித்தியாலம்தான்.

கரையில் செய்தி பரவிவிட்டது. அருளப்பு எதிர்ப்படும்போதெல்லாம், "கப்டன் சுகமாமோ?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வின்சன்ட் வந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். திருவிழா முடிந்த மறுநாள் அவனே கேட்டான்.

"அத்தான், என்னை ஒருக்காப் போட்டிலை கூட்டிக்கொண்டு போறியளோ?"

"அதுக்கென்ன, போவம்," என்றார் சிங்கராசா. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று உரத்து வீசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எந்த இடத்தில் கடல் தூக்கிப் போடும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் இவனை ஒருதரம் படுக்க வைக்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அவர் நினைக்காதது ஒன்று நடந்தது. "நானும் வாறன்," என்று றஞ்சிதம் புறப்பட்டு நின்றாள். அவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் படகேறியிருந்தாள். தொண்ணூறில், சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு ஓடியபோது; திரும்பி வந்தது அகதிக் கப்பலில். தம்பிக்கு முன்னால் மறுக்க முடியாமல் சிங்கராசா தலையாட்டினார்.

காவலரணில் நின்ற கடற்படைக்காரன் வின்சன்டின் பிரெஞ்சுப் பாஸ்போட்டை விரித்துப் பார்த்தான். "பிரான்ஸ் மாத்தயா!" என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சிரித்தான். பரிசில் குளிரா என்று கேட்டான். பிறகு, தினமும் காண்கிற சிங்கராசாவின் பாஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் எஞ்சினை முறுக்கினார். ஆழம் குறைந்த இடத்தைத் தாண்டியதும் படகு எழுந்து எழுந்து விழுந்தது. உப்புத்தண்ணீர் வாரி அடித்தது. முதலாவது அலைக்கு வின்சன்ட் சிரித்தான். பத்தாவதுக்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தான். சிங்கராசாவின் நெஞ்சுக்குள் ஆடி மாதத்திலிருந்து இருந்த கட்டி கரைந்தது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

அப்போதுதான் றஞ்சிதத்தைப் பார்த்தார். படகின் அடியில் குந்தி, முழங்காலைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக்க மூடியிருந்தாள். உதடுகள் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தன. இந்தியாவுக்குப் போனபோதும் அவள் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியது. எஞ்சினைக் குறைத்துப் படகைத் திருப்பினார்.

கரைப்பக்கம் வந்து கடல் அடங்கியதும் வின்சன்ட் வாயைத் துடைத்தான்.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள், அத்தான்?"

"ஓம்," என்றார் சிங்கராசா.

வின்சன்ட் சண்டைக்கு வரவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்ப எஞ்சினை என்னட்டைத் தாங்கோ," என்று மட்டும் கேட்டான். கரையோரக் கண்டல் வேரில் கொண்டுபோய் இடிப்பான், அதையாவது பார்ப்போம் என்று நினைத்து அவர் இடம் மாறி அணியத்தில் போய் முன்னால் குந்தினார். அந்தப் படகில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

வின்சன்ட் கண்டல் மரங்களுக்கு இடையிலிருந்த ஓடைக்குள் படகை விட்டான். ஒருவர் கரையில் நடக்கும் வேகம், அதற்கு மேலில்லை. இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளி. படகு எங்கேயும் முட்டவில்லை.

"ஏன்ரா இப்பிடி ஊருறாய்?"

"அங்கை விரைவாப் போக விடமாட்டினம் அத்தான். அலை அடிச்சால் கரை இடிஞ்சுபோகும். வழியிலை கதவு போட்ட தொட்டியள் இருக்கு. படகோடை உள்ளுக்குப் போனால் கதவைச் சாத்தித் தண்ணியை விட்டு மேலை தூக்குவினம். முதல் வருசம் ஒவ்வொரு கதவிலையும் இடிச்சனான். இப்ப ஆறு வருசமாகுது, படம் அனுப்பினதுதான் முதல்தரம்."

றஞ்சிதம் கண்ணைத் திறந்திருந்தாள். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டு வந்தாள். ஒரு கொக்கு எழும்ப மனமில்லாமல் அவர்களைப் பார்த்தபடியே நின்றதைக் கண்டு சிரித்தாள். இது என்ன மரம், அது என்ன பூ என்று கேட்டாள். தம்பியிடம்தான் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. பதிலெல்லாம் தெரிந்த சிங்கராசா அணியத்தில் வாய் திறக்காமல் இருந்தார். இருபது வருடத்தில் தன் மனைவி இப்படிச் சிரித்துத் தான் கண்டதில்லை என்பதும், அதைத் தன் படகில் வைத்து இன்னொருவன் கண்டுவிட்டான் என்பதும் அவருக்குப் புரிந்தது. வெள்ளைப் படகின்மேல் வந்த எரிச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

வின்சன்ட் பிரான்சுக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆயிற்று. ஐப்பசியில் காற்று விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் கேட்டார்.

"போட்டிலை போவமோ?"

"எங்கை?"

"சும்மா."

றஞ்சிதம் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் புட்டையும் சம்பலையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். மெதுவாய்ப் போவது எவ்வளவு கஷ்டம் என்று சிங்கராசாவுக்கு அன்றுதான் தெரிந்தது. கை தானாய் முறுக்கியது. ஓடையின் முதல் வளைவிலேயே படகு வேரில் முட்டியது.

"தம்பி இப்பிடி இடிக்கேல்லை," என்றாள்.

"அப்ப அவனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். கோபத்தோடு இருந்தவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மரங்களின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார். சொல்லிச் சொல்லி நேரம் போனதில் கடல் வற்றுகிற நேரத்தைக் கவனிக்கவில்லை. திரும்பப் பார்த்தபோது ஓடையில் தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. கடலில் தெரியாதது ஒன்றுமில்லாத மனிதர்! தண்ணீர் ஏறும்வரை இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்து புட்டைச் சாப்பிட்டார்கள்.

இப்போதும் வருடத்தில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அருளப்பு படகைக் கேட்டால், "இண்டைக்கு எங்களுக்கு வேணும்," என்பார் சிங்கராசா. ஆனால் ஆடி மாதம் பிரான்சிலிருந்து படங்கள் வரும் நாளில் றஞ்சிதம் எத்தனைதரம் கூப்பிட்டாலும் அவர் வந்து பார்ப்பதில்லை. முற்றத்தில் வலையை விரித்து, கிழியாத இடத்தையும் தைத்துக்கொண்டிருப்பார்.