மூணு விரல் மருந்து

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் நல்லதே சொன்னாலும் பாதியில் வெட்டிவிடுவேன். இந்தக் குணத்தால் ஒரு தடவை எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், கண்ணே போயிருக்கும்.

ஆந்திராவில், சித்தூரிலிருந்து பலமனேர் போகும் வழியில், காட்டை ஒட்டி எங்களுக்கு ரெண்டு ஏக்கர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். வேர்க்கடலை போடுவோம். கடலை முற்றும் சமயத்தில் காட்டுப்பன்னி இறங்கினால் வரிசை வரிசையாகத் தோண்டிப் போட்டுவிடும். அதை விரட்ட நைனா பயிர்க்காவல் லைசென்ஸ் எடுத்து ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழாய் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டைப் போட்டு, சுத்தியல் மாதிரி இருக்கும் குதிரை அடித்ததும் பொறி விடுகிற 'கேப்' ஒன்றைப் பின்னால் மாட்டிச் சுடுகிற பழைய மாதிரி. பன்னியைச் சுட வனத்துறை அனுமதி வேண்டும், எங்களிடம் அது இல்லை. மண்மேட்டைப் பார்த்துத்தான் சுடுவார். குண்டு இல்லாமல் சுட்டால் சத்தம் மொண்ணையாக இருக்கும், பன்னி திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அவர் கட்சி.

மருந்தை அளக்க அவரிடம் எந்த அளவும் கிடையாது. காலிக் குழாயில் கம்பியை விட்டால் அது வாய் மட்டத்துக்கு நிற்கும். மருந்தும் நாரும் போட்டு இடித்த பிறகு அது எத்தனை விரல் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். குரங்குக்கு ரெண்டு விரல், பன்னிக்கு மூணு. எங்கள் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

நைனாவுக்கு வயதானதும் லைசென்ஸை என் பேருக்கு மாற்றினோம். வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று ஆபீஸில் கேட்டார்கள். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். சட்டப்படி நான்தான் சுட வேண்டும். அவர் துப்பாக்கியைக் கையிலிருந்து விட்டால்தானே! அதிலும் திருப்பதியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. எதிர்க் கரையில் நிற்கும் மாட்டின் கொம்பு தெரிகிறது, புளியமரத்து இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம், சித்தூரில் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடையை மூடிவிட்டார்கள். நான் ரேணிகுண்டாவில் செல்போன் பாகம் செய்கிற ஃபேக்டரியில் வேலை செய்கிறேன், வார லீவுக்குத்தான் ஊருக்கு வருவேன். லீவு நாளில் திருப்பதிக் கடையிலேயே வாங்கிக்கொண்டு வருவது என்று முடிவானது. மருந்தைப் பஸ்ஸில் எடுத்துப் போகக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்காரர் பைக் எடுத்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் என்னைத் தாண்டி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், துப்பாக்கி எவரிதி?" என்று தெலுங்கில் கேட்டார், யாருடையது என்று. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நாதி, என்னுது. என்னைக் கேளுங்க" என்று லைசென்ஸ் புத்தகத்தை மேஜைமேல் போட்டேன்.

என் தமிழைக் கேட்டு அவரும் தமிழுக்கு மாறினார். ரெண்டு காகிதத்தில் ரெண்டு மருந்தைக் கொட்டிக் காட்டினார். ஒன்று ரவையைவிடப் பெரிசாக, நைனா வாங்குவதைப் போலவே இருந்தது. இன்னொன்று கசகசா மாதிரி சன்னமாக, பளபளவென்று இருந்தது. மிளகாய்த்தூளிலிருந்து கோலமாவு வரைக்கும் சன்னமானதுதான் ஒசத்தி என்று வளர்ந்தவள் நான். சன்னத்தைக் காட்டினேன்.

"அம்மா, இது சன்ன மருந்து. பழைய துப்பாக்கியா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும். பில்லு போடுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு பில் எழுதினார். ஜெயித்த மாதிரி படியிறங்கி வந்தேன்.

ஊர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நைனா மருந்தை வாங்கி முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார். வழக்கம்போல மூணு விரல் போட்டு இடித்தார். மீன்வலை ஈயத்தை உருக்கி அவரே வார்த்த குண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வரப்புக்குப் போய்விட்டார். நான் கை கழுவிவிட்டு டீ போட அடுப்பு பற்ற வைத்தேன். கட்டை பிடிக்காமல் புகைந்தது. ஒரு பிடி மரத்தூளை அள்ளிப் போட்டேன். பக்கென்று எழும்பி என் முன்மயிர் பொசுங்கியது.

பழைய துப்பாக்கியா இருந்தா? இருந்தா என்ன?

அப்போதுதான் அந்த மனிதரின் பாதி வாக்கியம் என் காதுக்குள் நுழைந்தது. பில்லைத் தேடி எடுத்து அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோம்மா போட்டீங்க?"

"மூணு விரல்."

"விரலா? குண்டும் போட்டாச்சா?"

"போட்டாச்சு. பெரிய ஈயக் குண்டு."

"சுட வேணாம்மா. சன்ன மருந்து ஒரே மூச்சுல எரியும், பழைய குழாய் தாங்காது. மொகத்துலயே வெடிச்சிடும். குதிரைக்குக் கீழ இருக்கிற 'கேப்'பைக் கழட்டிட்டு குழாயில தண்ணி ஊத்துங்க. காலைல எடுத்துட்டு வாங்க, எங்க மெக்கானிக் பிரிச்சிடுவாரு."

செருப்பில்லாமல் ஓடினேன். வரப்பில் நைனா துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துவிட்டிருந்தார். அந்தப் புதுக் கண்ணுக்கும் குழாய்க்கும் ஒரு ஜாண்கூட இல்லை. கடலைக்குள் சலசலப்புக் கேட்டது.

"நைனா, சுடாத!"

"நாப்பது வருசமா சுட்டுக்கினு கீறேன். நீ எனக்குச் சொல்றியா?"

"மருந்து வேற நைனா."

"மருந்துன்னா மருந்துதான். பன்னி துன்னுக்கினு கீது, பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

அவர் திரும்பவே இல்லை. கட்டைவிரல் குதிரையைப் பின்னால் இழுத்துவிட்டது. கத்தினால் அவரும் கத்துவார், பிடுங்கப் போனால் வெடித்துவிடும். எனக்கு வராத ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"தப்பு என்னுது நைனா. கடைக்காரர் சொல்ல வந்தாரு, நான்தான் அவரப் பேச உடல."

நைனா தலையைத் தூக்கினார். "இன்னா சொன்ன?"

"தப்பு என்னுதுன்னு சொன்னேன்."

குதிரையை மெல்ல முன்னால் விட்டார். துப்பாக்கியை இறக்கி மண்மேட்டில் சாய்த்தார். "நீ பொறந்ததுல இருந்து உன் வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல. அப்போ மெய்யாலுமே வெடிக்கும்தான்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 'கேப்'பைக் கழற்றினோம், சொம்புத் தண்ணீரைக் குழாயில் ஊற்றினோம். எங்கள் வீட்டுக்காரர் தகர டின்னைத் தட்டிக்கொண்டே கடலைக் கொல்லையைச் சுற்றினார். பன்னி ரெண்டு வரிசை தின்றுவிட்டுத்தான் போனது.

மறுநாள் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கடைக்குப் போனோம், மெக்கானிக் பிரித்துக் குண்டை வெளியே எடுத்தார். "நேத்து பாதியில நிறுத்திட்டீங்களே, முழுசா சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் உட்கார வைத்து எல்லாம் சொன்னார். பழைய குழாய்க்குப் பெருமருந்துதான் சரி, குண்டு கனக்கக் கனக்க மருந்து குறைய வேண்டும், இதையெல்லாம் விரலால் அளக்கவே கூடாது என்றார்.

நைனா விடவில்லை. "எங்க ஊரே விரல்லதான் அளக்குது."

"யாரு விரல் பெரியவரே? உங்க விரலா, அம்மா விரலா?"

நைனா தன் கையை விரித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய ரெண்டு விரல் அகலம் என்னுடைய மூணுக்குச் சமமாக இருந்தது. கடைக்காரர் கொடுத்த பித்தளை அளவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் போகம் கடலை நன்றாகவே விளைந்தது. நைனா ஒவ்வொரு காயாகக் கண்ணருகே தூக்கிப் பார்த்துத்தான் உரித்தார். இப்போதும் வீட்டில் யாராவது பேசும்போது நான் குறுக்கே விழுந்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்த வலது கண்ணால் என்னைப் பார்த்து மூணு விரலை நீட்டுவார். நான் வாயை மூடிக்கொண்டு, சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன்.