பக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனருக்குக் கீழே பக்கம் புரட்டுகிறவனுக்கு முதலில் தேய்வது கழுத்து, அடுத்தது பொறுமை. எனக்குப் பொறுமை முன்பே கிடையாது என்பதால் நஷ்டம் கழுத்தோடு நின்றது. இந்தத் தொழிலில் கண் பூத்துப்போன சக துன்பவாசிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மேஜைமேல் ஒரு கறுப்பு விரிப்பு. அதற்கு மேலே கொக்குக் கழுத்துபோல வளைந்த கம்பியில் ஒரு கேமரா. புத்தகத்தை விரித்து, இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தால் இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரில் விழும். வளைந்த தாளை நிமிர்த்துவதையும், பிடித்திருந்த விரலைப் படத்திலிருந்து அழிப்பதையும் மெஷினே பார்த்துக்கொள்ளும். பிறகு அடுத்த பக்கம். பிறகு அதற்கடுத்த பக்கம்.

நான் மில் தொழிலாளியாக இருந்தவன். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்ததைவிட, மில் வாசலில் கையில் திணிக்கப்பட்ட துண்டுப் பிரசுரங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதிகம். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். போத்தனூரில் ஓர் அச்சகம் அவற்றை அச்சடித்துக் கொடுத்தது. அச்சகக்காரர் காலமாகிவிட்டார். அவர் மகள் கவிதா அதே கட்டடத்தில் ஸ்கேனிங் சென்டர் நடத்துகிறாள். இரண்டு முறை சிறைக்குப் போனவன், மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசைவரை கேட்கப் பேசியவன், இப்போது அவளிடம் பக்கம் புரட்டுகிறேன்.

சும்மா இராத கால்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் தன் டைரிகளைக் கொடுத்திருந்தார். எந்த ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்பதைத் தவிர அதில் ஒரு சேதியும் இல்லை. என் காலுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. நான் அறியாமலே அது தாளம் போட்டிருக்கிறது. சாயங்காலம் கவிதா கம்ப்யூட்டரைத் திறந்தால், ஒரே பக்கம் இருபத்துமூன்று தடவை விழுந்திருக்கிறது.

அவள் அப்பா கூப்பிட்டதுபோலவே அவளும் என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடுவாள். திரையையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "தோழர், ஊர்வலம் போறதா இருந்தா ரோட்டுல போங்க. பெடல் மேல போகாதீங்க."

வழுக்கை

எந்தத் தாளையும் படிக்காமல் புரட்ட என்னால் முடியாது. குனிந்து படித்தால் கேமராவுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் தலை வந்துவிடும். ஒரு நாள், என்னை வேலையிலிருந்து நீக்கிய மில்லின் முதலாளி வீட்டுப் பேரன், அந்த மில்லின் விழா மலரைக் கொண்டுவந்தார். என்னை அவருக்குத் தெரியாது. நல்ல பையன், கையில் பூப்போட்ட பை. மலரின் நடுப்பக்கத்தில் பெரிய முதலாளியின் படம். அதற்குக் கீழே, "நமது ஆலையில் இன்றுவரை ஒரு தகராறும் நிகழ்ந்ததில்லை" என்று ஒரு வரி.

நான் குனிந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். அந்த வாசலில் எத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்! கால் பெடலை மிதித்துவிட்டது. திரையில் முதலாளியின் கழுத்துக்கு மேலே என் வழுக்கைத் தலை. அந்த வரி சுத்தப் பொய், தகராறில் வேலை போன நான்தான் அதற்கு அத்தாட்சி என்று பேரனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தார். "வெளியில அனுப்பிச்சாலும் எங்க தாத்தா தலைமேல வந்து உக்காந்துபோட்டீங்களே, ஏனுங்க!"

நடுவில் ஒரு பக்கம்

உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் குடும்பப் பத்திரக் கட்டோடு வந்தார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தம்பிகளுக்கு அனுப்ப வேண்டுமாம். "இந்த ஒரு பக்கத்தை மட்டும் உட்டுடுங்க" என்று ஒரு தாளை மடித்துக் காட்டினார். படித்தேன். அக்காவுக்குக் கிணற்றோடு சேர்த்து எழுதிவைத்த பாகம்.

விட மாட்டேன் என்றேன். பெண்ணுக்குச் சொத்துரிமை பற்றி நான் எழுதிய பிரசுரத்தை ஏறக்குறைய முழுசாக ஒப்பித்தேன். மடிப்பை நீவிவிட்டு அந்தப் பக்கத்துக்கும் பெடலை மிதித்தேன். கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். வியாபாரி பத்திரங்களை வாரிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "மெஷின் வாயைத் தொறக்காம வேலை செய்யுது. நீங்க அதுக்கிட்டக் கொஞ்சம் கத்துக்கலாமுங்க."

ஊதா மை நோட்டு

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு காலனி. நாற்பத்தோரு வீடு. நான் அங்கே போய்வந்த அந்தக் காலத்தில் எல்லோரும் பண்ணைக் கூலிகள். பாதிப் பேர் மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள், பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு அவர்களுக்கு மனு எழுதியவன் நான். அதே மனுவைத் தேதியோடு ஒரு நீள நோட்டிலும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் கைநாட்டு வாங்கினேன். ஊதா மை தடவி ஒவ்வொரு கட்டைவிரலையும் நானே பிடித்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே திட்டினேன். கைநாட்டு அடிமையின் அடையாளம், கையெழுத்துப் போடப் பழகு என்று அடுத்த மாதம் ஒரு பிரசுரமும் போட்டேன். காலனியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மனு எந்த அலமாரியில் செத்ததோ தெரியாது. இப்போது பக்கத்துத் தோப்புக்காரர் அந்த இடம் தன்னுடையது, காலனிக்காரர்கள் நேற்று வந்தவர்கள் என்கிறார். அவர்கள் அன்றைக்கே அங்கே இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்த நோட்டு. அதைக் கொண்டுவந்தவள் என் பழைய தோழர், அதே காலனி சவரிமுத்துவின் மகள் புஷ்பம். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். காலனிக்காரர்கள் புதிதாகக் கொடுத்த பட்டா மனுமேல் வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. அதற்குள் நகலை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். தொட்டால் உதிர்கிற நோட்டைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், கவிதாவின் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

ஓரமெல்லாம் மை ஈஷியிருந்தது. எங்கள் ஆட்களின் காகிதம் அந்த ஆபீசுக்குள் அழுக்காகப் போகக் கூடாது என்று, விரல் நீக்கம், கறை நீக்கம் என மெஷினில் இருந்த எல்லா வசதியையும் முழு அளவுக்கு ஏற்றிவைத்தேன். கால் பறந்தது. அரை மணியில் முடித்து, திரையைப் பார்க்காமலே அனுப்பினேன். "நான் எழுதுன நோட்டு கண்ணு, நான் பார்க்க என்ன இருக்குது?" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "லேப்புல ஒரு துளி ரத்தத்துக்கு ரெண்டு தரம் பேரைப் பார்ப்போமுங்க சித்தப்பா. நீங்க நாப்பத்தோரு ஊட்டை ஒரு தரங்கூடப் பார்க்கலையே."

சுத்தமான பக்கங்கள்

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் புஷ்பம் போன் செய்தாள். நானே கேட்கட்டும் என்று போனை அணைக்காமல் தாசில்தார் மேஜைமேல் வைத்துவிட்டாள். அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. "ஏம்மா, நாற்பத்தோரு பேரும் ஒரே ஆள் கையெழுத்துல இருக்கு. எதிர்ல கைநாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரோ வீட்டுல உட்கார்ந்து எழுதுனதுன்னு எதிர்த்தரப்பு சொல்றாங்க. நாலு மணிக்குள்ள சரியான நகல் வந்தா பார்க்கறேன். இல்லைன்னா மனுவை முடிச்சுடுவேன்."

கவிதா ஃபைலைத் திறந்தாள். பெயர்கள் வரிசையாக இருந்தன. எதிரே பால்போல வெள்ளை. ஊதா மையைக் கறை என்று நினைத்து மெஷின் ஒவ்வொரு கட்டைவிரலாகத் துடைத்து எடுத்திருந்தது. நான் மெஷினைத் திட்டினேன். தாலுகா ஆபீசைத் திட்டினேன். அரசாங்கத்தைத் திட்டினேன். கவிதா பீரோ சாவியை எடுத்தபடி குறுக்கே பேசினாள். "கைநாட்டு வேண்டாம்னு நீங்க போட்ட நோட்டீசை எங்கப்பாதானுங்க அடிச்சாரு. இந்த மெஷின் ஒண்ணுதான் அதைப் படிச்சுக் கேட்டுருக்குது, தோழர்."

விரலோடு

எல்லா வசதியையும் அணைத்தோம். தாள் பறக்கிறது என்று மின்விசிறியையும் அணைத்தோம். ஓரம் உதிர்ந்துவிட்டதால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் பக்கம் நிற்கிறது. அன்று என் கால் அசையவில்லை. கவிதா "ம்" சொன்ன பிறகுதான் ஒவ்வொரு மிதியும். ஒவ்வொரு பக்கமாகத் திரையில் பெரிதாக்கி, கைநாட்டுகளை விரல் வைத்து எண்ணினேன். மாராயி, பழனான், அந்தோணியம்மாள், சவரிமுத்து. ரேகைகூடத் தெரிந்தது. நாற்பத்தொன்றும் இருந்தன. கூடவே, பக்கத்துக்குப் பக்கம், நகம் பிளந்த என் கட்டைவிரலும் இருந்தது. "இதை மட்டும் வெட்டிடட்டுங்களா?" என்றாள் கவிதா. எதையும் தொடாதே அம்மணி என்றேன். மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, ரயில்வே கேட்டுக்கும் சென்டருக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்தரைக்குப் போன் வந்தது. தாசில்தார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். அசல் நோட்டை அடுத்த வாரம் நேரில் காட்டச் சொல்லி, மனுவை ஏற்று, இடத்தை அளக்க சர்வேயருக்கு உத்தரவு போட்டாராம். தோப்புக்காரரின் வக்கீல் விடவில்லையாம். எல்லாப் பக்கத்திலும் ஒரு விரல் தெரிகிறதே, அது யாருடையது, எதையாவது மறைக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தான் சொன்ன பதிலைப் புஷ்பம் எனக்கு வரி பிசகாமல் திருப்பிச் சொன்னாள். "அன்னிக்கு எங்க சனத்துக்கு மை தடவி உட்ட விரலுங்க அது. ஆளு போத்தனூர்ல இருக்காரு. வேணும்னா கூப்புடுங்க, ஓடியே வந்துருவாரு. ஒரு எடத்துல உக்கார மாட்டாரு."

ஆயுள் முழுக்க அந்த ஆபீஸ் வாசலில் நான் தூக்கிக் காட்டிய முஷ்டியை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. பக்கத்தைப் பிடிக்கப்போய்ப் படத்தில் விழுந்த கட்டைவிரலுக்குக் கோப்பில் பக்க எண்ணே போட்டுவிட்டார்கள்.