கம என்றால் ஊர்

என் அப்பாவுக்குச் சிங்களம் தெரியும். எங்கள் குடும்பத்துக்கு வந்த வினையே அதுதான். தெரியாத மனுஷனாக இருந்திருந்தால் தப்பித்திருப்போமோ என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தோட்டத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் சிங்களம் வரும். கடைவீதிச் சிங்களம். உப்பு, கருவாடு, பஸ், என்ன விலை, குறைத்துக் கொடு, அவ்வளவுதான். அப்பாவுடையது அந்தச் சாதி இல்லை. இறம்பொடையில் எங்கள் தேயிலை மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு சிங்களக் கிராமம் தொடங்கும். அங்கே வயல் வைத்திருந்த ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதர். அவரிடம் அப்பா சிங்களத்தைப் பாட்டாகவே படித்தார். அந்தப் பாட்டைக் கவி என்பார்கள். நாலு வரி, நாலும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். நாற்று நடும்போதும் கதிர் அறுக்கும்போதும் அந்த ஊர்ப் பெண்கள் பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அப்பா இறங்கிப்போய் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். இவர் ஒரு தெம்மாங்கு எடுத்துவிட, அவர் ஒரு கவி போட, பொழுது போவது தெரியாது.

"நம்ம பாட்டுல அழகு தலையில இருக்கு புள்ள. அவங்க பாட்டுல அது வாலுல இருக்கு" என்பார் அப்பா. நம் எதுகை வரியின் தொடக்கத்தில் வருவதையும் அவர்கள் பாட்டில் ஒத்த ஓசை கடைசியில் வருவதையும் அப்படிச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், பேச்சில் மட்டும் குறைச்சல் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. சிநேகிதர் மூன்று வரி பாடி நிறுத்துவார். அதே ஓசையில் நாலாவது வரியை அப்பா போட வேண்டும். போட்டுவிட்டால் அவர் தொடையில் தட்டி, "அடே மச்சாங்!" என்று கத்துவார்.

இதனால் அப்பாவின் சிங்களம் பாட்டு வாடை அடித்தது. பேச்சில் நிலவுக்கு 'ஹந்த' என்பார்கள், பாட்டில்தான் 'சந்த'. அப்பா ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மேலே பார்த்து 'சந்த' என்று சொல்லப்போக, பக்கத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு!

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன கையோடு, நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்ற கேள்வி வந்தது. நிரந்தரமாக இங்கேயே இருக்கிறவர்கள் என்று காட்டினால் பிரஜாவுரிமை கிடைக்கும், காட்டாவிட்டால் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக நிற்க வேண்டியதுதான். அப்பாவும் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டார். சில வருஷம் கழித்து நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். கொழுந்து எடுக்கப் போகாமல் நான் துணைக்குப் போனேன்.

அதிகாரி சிங்களவர், பார்க்க நல்ல மனிதர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். அப்பா கும்பிட்டுவிட்டு, தனக்குச் சிங்களம் தெரியும், ஆள் வேண்டாம் என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டார். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டார். கேட்டால் போதாதா? அப்பா ஒரு கவியைப் பாடியே காட்டினார். அந்தக் கந்தோரில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பொஹோம ஹொந்தாய்" என்று அதிகாரி சிரித்தார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். ஆகா, முடிந்தது காரியம் என்று எனக்கும் மனசு குளிர்ந்தது.

அதே சிரிப்போடு அவர் கேட்டார்: "கம கொஹேத?"

கம என்றால் ஊர். ஊர் எங்கே என்கிறார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஊர் எது என்று கேட்டால் யாரும் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். தாத்தன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினானோ அதுதான் ஊர். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதான். கடலையே பார்க்காத நானும் யாராவது கேட்டால் துறையூர்ப் பக்கம் என்றுதான் சொல்வேன். அப்பா பிறந்தது இதே லயத்தில். அவரும் துறையூரைப் பார்த்ததில்லை.

"துறையூர், மஹத்தயோ" என்றார் அப்பா, கணீரென்று.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்தியாவில் என்றார் அப்பா. எங்கள் குலசாமி அங்கேதான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, தோட்டத்தச் சொல்லுங்க! இறம்பொடன்னு சொல்லுங்க!"

"பிள்ளை, நீர் குறுக்கை கதைக்கக் கூடாது" என்று யாழ்ப்பாணத்து ஐயா என்னை அடக்கினார். அவர் முகத்திலும் பதற்றம் தெரிந்தது. அவர் என்ன செய்வார், பாவம், வேண்டாம் என்று அப்பாதானே சொல்லிவிட்டார்.

அதிகாரி விடவில்லை. நல்ல மனிதர் என்றேனே. நீ பிறந்தது தோட்டத்தில்தானே, அது உன் கம இல்லையா என்று திருப்பிக் கேட்டார். தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு.

"அது தொரையோட எடம் மஹத்தயோ" என்றார் அப்பா. அடுத்தவன் சொத்தை எப்படி என் ஊர் என்பது என்று நியாயம் வேறு கேட்டார்.

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். அதன்பிறகு எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டதுக்குத்தானே புள்ள பதில் சொன்னேன்? கமன்னா ஊருதானே? தப்பா அர்த்தம் பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. சரியாத்தான் பண்ணுனீங்க."

வேறு என்ன சொல்வது? அழுகைதான் வந்தது.

முடியாது என்று பதில் வந்தது. நிரந்தரமாக இங்கே இருக்கிற எண்ணம் இல்லாதவர் என்று முடிவு செய்துவிட்டார்களாம். மேலே முறையிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்பா முறையிடவில்லை. தன் வாயால் சொன்னதை எப்படி இல்லை என்பது என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்தான் பிடிவாதமாக அவரை வயலுக்குக் கூட்டிப்போனேன். சிநேகிதருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பழையபடி பாட ஆரம்பித்தார். மலையில் மேய்ந்த மாடு திரும்புவது கமட்ட. அருவியாய் விழுந்த தண்ணீர் ஓடுவது கமட்ட. சந்தைக்குப் போன வண்டிக்காரன் வருவது கமட்ட. கமட்ட என்றால் ஊருக்கு. மூன்று வரி பாடி நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வாய்க்காலில் கையைக் கழுவினார். கையில் அழுக்கே இல்லை.

"வா புள்ள, போவோம்" என்று எழுந்துவிட்டார்.

தேயிலைக்குள் பாதி தூரம் ஏறிய பிறகும் கேட்டது. சிநேகிதர் அந்த மூன்று வரியை மறுபடியும் முதலிலிருந்து பாடி நிறுத்தினார், மச்சான் மேலே இருந்தாவது முடித்துவிடுவான் என்று.