இறுக்கிக் கட்டிய துணி

எழுபத்தெட்டில் கொடைக்கானலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோஸ்மேரி சீசனுக்கு ஸ்வெட்டர் பின்னி விற்பாள். இரண்டு வருஷமாக அவளுக்கு வலது மணிக்கட்டில் வலி. எங்கள் ஊரில் எந்த வலி வந்தாலும் பழி குளிர்மேல்தான். நானும் தினமும் வெள்ளனே தைலம் தேய்த்து, கம்பளித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவேன்.

“விரலெல்லாம் மரத்துப்போகுதுங்க” என்பாள். கட்டு போதவில்லையென்று இன்னும் இறுக்குவேன்.

ஒருநாள் கொதிக்கிற குழம்புச் சட்டியை நழுவவிட்டாள். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கட்டை அவிழ்த்து மணிக்கட்டில் தட்டினார். கரண்ட் அடித்ததுபோல் துள்ளினாள்.

“இது குளிரு இல்ல. உள்ள நரம்பு நசுங்குது. அதுமேல இப்படி இறுக்கிக் கட்டினது யாரு?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“நானேதாங்க கட்டிக்கிட்டேன்” என்றாள் ரோஸ்மேரி.

கை பிறகு தேறிவிட்டது. ஆனால், ஒற்றைக் கையால் அந்த முடிச்சைப் போட முடியாது என்பது அந்த அறையிலிருந்த மூன்று பேருக்குமே தெரியும்.