சிவப்புச் சட்டை

மொன்றியலில் ஒரு கனடியக் காற்பந்துக் குழுவுக்கு உடுப்புத் தோய்ப்பது என் வேலையாக இருந்தது. பெயர்தான் காற்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரைக் குவாட்டர்பேக் என்பார்கள். அவருக்கு அடிபட்டால் இறங்குவதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த இடத்துக்கு இந்தக் கோடையில் இரண்டு பேர் போட்டியிட்டார்கள்.

பயிற்சியின்போது எறிகிறவர்களுக்கு மட்டும் சிவப்புச் சட்டை. சிவப்பைக் கண்டால் யாரும் மோதக் கூடாது. காலையில் அதை அவரவர் கொளுக்கியில் மாட்டுகிறவன் நான்.

இருவரில் இளையவன் மத்தியானங்களில் என் அறைக்கு வருவான். நான் அதிகம் கதைக்காதவன். அது அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். என் மனைவி சாப்பாட்டுக்குத் தந்துவிடும் ரோல்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு உலர்த்தும் மெஷினில் ஏறி இருப்பான். என்னை "அண்ணை" என்று கூப்பிடவும் பழகியிருந்தான். ஒருநாள் பயிற்சியாளர் அங்கேயே வந்து, "இடம் உனக்குத்தான், குடும்பத்தைக் கூப்பிடு" என்றார். மற்றவனை அனுப்பிவிட்டார்கள். நான் எங்கள் மாதா கோவில் ஆட்களிடம் விசாரித்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் அவனுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். கட்டிலை மூன்றாம் மாடிக்கு இருவருமாகத் தூக்கினோம். மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த கிழமை ஒருநாள் விடியவே, உடுப்பறைக்குப் பொறுப்பான அண்ணை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவர், அதே கோவில் பங்கைச் சேர்ந்தவர்.

"டேய், மத்தியானம் டோர்வல் எயார்போர்ட்டில வேறை ஒருத்தன் வந்து இறங்குறான். ரெண்டாவது இடம் அவனுக்கு."

"அப்ப இவன்?"

"காலமை எறியட்டும். தடுக்கிற பெடியளுக்குப் பயிற்சி வேணுமெல்லே. அவனுக்குப் பிறகு சொல்லுவினம்."

"வீடெல்லாம் எடுத்துக் குடுத்தனான், அண்ணை."

"உன்னை ஆர் எடுக்கச் சொன்னது? வாயைத் திறந்தியோ, உன்ர வேலையும் போகும்."

அன்று அவனுடைய கொளுக்கியில் நான் சட்டையை மாட்டவில்லை. அதைக் கேட்டு வந்தான். எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் சொன்னேன்: வேறு ஆள் வருகிறார், உன்னை அனுப்பப் போகிறார்கள். நான் சொன்னதாகச் சொல்லாதே என்றும் கேட்டேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்தான்.

"சொல்லவே மாட்டேன், அண்ணை."

நேரே பயிற்சியாளரின் அறைக்குப் போனான். சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

மத்தியானம் அண்ணை வந்தார்.

"அவனை மூண்டாவது ஆளா வைச்சிருக்கினமாம். ஆர் சொன்னதெண்டு கேட்டவை. உன்னைத்தான் காட்டினவன்."

"சொல்லமாட்டனெண்டு கையைப் பிடிச்சவன்."

"அவன்ர பிழைப்பு அவனுக்கு. நாளைக்கு நீ வரவேண்டாமாம்."

"நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

"என்னையும் சேர்த்து அனுப்பவோ?" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அவர் போன கையோடு அவன் வாசலில் வந்து நின்றான். பின்னேரப் பயிற்சிக்குச் சட்டை வேண்டுமாம். மூன்றாவது ஆளுக்கும் சிவப்புத்தான். எடுத்துக் கொடுத்தேன், மடித்துத்தான் கொடுத்தேன். அவன் சட்டையையே பார்த்தபடி "மெர்சி" என்றான். அண்ணை என்று சொல்லவில்லை.

அவனுடைய ரோலையும் அன்று நான்தான் தின்றேன்.