ஒரே எண்ணுடைய இரண்டு வட்டுகள்

படிக்கட்டு (1966–2021). வீட்டார்க்குச் சின்னவள், கட்டடத் தொழிலில் இருந்தவர்களுக்குப் படிக்கட்டு. வீடு கட்டுவோருக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதே அவளுடைய வாழ்நாள் வேலை. ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காமலும் இறங்குகிறவருக்குத் தலை இடிக்காமலும் குறுகிய இடத்தில் ஒரு படிக்கட்டைத் திருப்பி வைப்பதில் அவள் கெட்டிக்காரி என்று கொத்தனார்கள் வைத்த பெயர் அது. அவர்களுடைய கைப்பேசிகளிலும் அவள் அப்படித்தான் பதிவாகியிருந்தாள்.

அலுவலகம் அவளுடைய அத்தானுக்குச் சொந்தமானது. அக்கா குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று மேசைகள், ஒரு கணினி, சுருட்டிய வரைபடங்கள் செருகிய ஒரு பிளாஸ்டிக் வாளி. அத்தான் ஆளைப் பிடிப்பார், அக்கா காசைப் பிடிப்பாள், சின்னவள் கோட்டைப் பிடிப்பாள் என்று மூவருமே சொல்லிச் சிரிப்பதுண்டு. சின்னவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். பகல் முழுதும் அக்காவின் வீட்டில்தான்.

அந்த ஒரே கணினிதான் தகராறு. அத்தானைப் பார்க்க வருகிறவர்கள் எதை எதையோ கொண்டுவந்து அதில் செருகுவார்கள். ஒருநாள் அது படுத்துவிட்டது. பாதி முடிந்திருந்த மாடிவீட்டின் வரைபடங்கள் அத்தனையும் அதோடு போயின. எல்லாவற்றையும் மறுபடி போட்டு முடித்த கையோடு, சின்னவள் உள்ளங்கையில் அடங்கும், கம்பியால் கணினியில் செருகும் ஒரு வெளிவட்டை, அதாவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை, வாங்கி வந்தாள். தனக்கென்று ஓர் இயங்குதளத்தை அந்த வட்டிலேயே நிறுவிவிடுவது அவள் எண்ணம். வட்டைச் செருகித் துவக்கினால் கணினி அவளுடையது; செருகாமல் துவக்கினால் அத்தானுடையது. ஒருவர் பொருளில் மற்றவர் கை படாது.

நிறுவிய அன்று அக்காவும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கைதவறி அத்தானின் கணக்குகளை அழித்துவிடக் கூடாதே என்று, முதலில் பெட்டியைத் திறந்து உள்வட்டின் இணைப்பைக் கழற்றி வைத்தாள் சின்னவள். பிறகு மின்சாரத்தைப் போட்டாள். எந்த வட்டிலிருந்து துவங்குவது என்று கணினியிடம் சொல்வதற்கு ஒரு பொத்தான் உண்டு. திரையில் முதல் எழுத்துகள் தோன்றி மறைவதற்குள் அதை அழுத்தியாக வேண்டும். அழுத்தும் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“இப்பவா?”

“இன்னும் இல்லக்கா.”

“இப்பவா?”

“அழுத்து, அழுத்து. போச்சு, தாண்டிருச்சு. நீ கேட்டுக்கிட்டே இருந்தா அது உனக்காக நிக்குமா?”

இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை பிடித்தாள். நிறுவி முடிந்ததும் கடவுச்சொல்லை அக்காவின் காதோடு சொல்லி, தனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வந்து திறக்க வேண்டியவள் அவள்தான் என்றாள் சின்னவள். இன்னொன்றையும் சொல்லி வைத்தாள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கம்பியை யாரும் பிடுங்கக் கூடாது. இயங்குதளமே வட்டில்தான் இருக்கிறது, பிடுங்கினால் எல்லாம் அப்படியே செத்துப் போகும். அன்றிலிருந்து மேசையைத் துடைக்கும்போதுகூட அக்கா அந்தக் கம்பிக்கு விலகியே துணியை ஓட்டுவாள்.

மாலையில் வட்டு சின்னவளின் கைப்பைக்குள் போய்விடும். “மூளையைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போறா பாரு” என்பார் அத்தான். காலையில், “மூளை வந்துச்சா?” என்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

இப்படியே ஆண்டுகள் சென்றன. கதவு, சன்னல், படிக்கட்டு என்று அவள் அளவெடுத்து வரைந்து சேர்த்தவை எல்லாம் அந்த வட்டில் நிறைந்தன. ஐம்பதை எட்டும் வேளையில் அவளுக்குத் தனியாகத் தொழில் தொடங்கும் ஆசை வந்தது. மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்துவைத்தாள். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், தாம் கட்டப்போகும் வரிசை வீடுகளுக்கான வரைபட வேலையைத் தருவதாக வாக்களித்தார். அந்த ஒரு வேலை போதும், கால் ஊன்றிவிடலாம். வீட்டிலிருந்த பழைய கணினியில் வெளிவட்டைச் செருகி, அந்த வீடுகளை அவள் வரையத் தொடங்கினாள். ஒப்பந்தக்காரரைத் தவிர இது தெரிந்த ஒரே ஆள் அக்கா.

“போடி, நல்லா இரு” என்று கன்னத்தை வழித்தாள் அக்கா. “அவர்கிட்ட நான் பக்குவமாச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத.”

அடுத்த வாரம் அக்கா அவளைத் தையற்கடைக்கு அழைத்தாள். புதிய அறை திறக்கும் நாளில் அணிவதற்குத் தானே ஒரு சட்டை தைத்துத் தரப்போவதாகச் சொன்னாள். வட்டைப் போட்டுக் கைப்பையை எடுத்த சின்னவளிடம், அளவெடுக்க நிற்பவளுக்குத் தோளில் பை எதற்கு என்று வாங்கி மேசைமேல் வைத்தாள். நின்ற நிலையில் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு கணக்கெழுத ஓடுகிற அக்கா, அன்று துணி பார்த்து, அளவு கொடுத்து, வழியில் உணவகத்தில் உட்காரவைத்து, பழைய கதையெல்லாம் பேசினாள். பிற்பகல் முழுதும் கழிந்தது. இத்தனை நாள் இல்லாத இந்த அக்காவை விட்டுப் போகிறோமே என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் வந்த நாள்களில் ஒரு விந்தை நேர்ந்தது. அலுவலகத்தில் நாள் முழுதும் வரைந்ததை வீட்டில் வந்து தேடினால் காணவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பார்த்தால் அது இருந்தது. முந்தைய இரவு வீட்டில் வரைந்ததைக் காணவில்லை. கண்ணில் கோளாறோ, மறதி வந்துவிட்டதோ, வட்டுக்குத்தான் ஆயுள் முடிகிறதோ என்று கலங்கினாள். அக்காவிடம் சொல்லிப் புலம்பியபோது, வயதாகிறதல்லவா, தனியாகத் தொழில் என்பதை இன்னொரு தரம் யோசித்துக்கொள் என்றாள் அக்கா. அந்தப் பேச்சு சின்னவளை இரவெல்லாம் அரித்தது.

முறையாகச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்து, வீட்டில் திரையின் பின்னணியைச் சிவப்பாக மாற்றிக்கொண்டு போனாள். அலுவலகத்தில் வட்டைச் செருகித் துவக்கினாள். திரை பழைய நீலத்திலேயே விடிந்தது. தன் கடவுச்சொல்லுக்குத்தான் திறந்தது. தன் கோப்புகள்தாம் வரிசையாக நின்றன. ஆனால் இது தன் வட்டு அன்று.

இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் செய்யாததை அப்போது செய்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கினாள்.

ஒன்றும் சாகவில்லை. சுட்டியை நகர்த்தினாள், அம்பு திரையில் சாவகாசமாக நடந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே புதிதாக இன்னொரு வட்டு பொருத்தப்பட்டிருந்தது. அவளுடைய வட்டின் அச்சு அசலான நகல். ஒவ்வொரு வட்டுக்கும் அடையாள எண் ஒன்று உண்டு. நகலெடுத்தவர் அதை மாற்ற மறந்து, எண்ணையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார். காலையில் துவக்கி வைப்பது அவளுடைய வட்டுதான். இன்ன எண்ணுள்ள வட்டிலிருந்து மேற்கொண்டு நட என்று அது சொல்ல, அதே எண்ணோடு உள்ளே முதலில் கைக்கு எட்டிய நகலைக் கணினி பற்றிக்கொண்டது. இத்தனை நாளும் அவள் திருட்டு நகலுக்குள் உட்கார்ந்து தன் வேலையென்று உழைத்திருந்தாள்.

வரிசை வீடுகளின் கோப்பைத் திறந்தாள். அலுவலகத்தில் அவள் ஒருநாளும் திறந்திராத கோப்பு அது. ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அத்தானுடைய அலுவலகப் பெயர் ஏறியிருந்தது.

தேநீர்க் குவளையோடு அக்கா வந்தாள். அவளுக்குக் கணினி தெரியாது. அந்தக் கம்பியைப் பற்றித் தெரியும். சின்னவளின் கையில் தொங்கிய கம்பியைப் பார்த்தாள். வெளிச்சமாக இருந்த திரையைப் பார்த்தாள். குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

“பாஸ்வேர்ட நீதான் குடுத்தியா?”

“அவரு கேட்டாரு.” பிறகு குரல் ஏறியது. “நீ போயிட்டா இந்த ஆபீஸ் என்னடி ஆகும்? நீ ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பொழச்சுக்குவ. எனக்குக் குடும்பம் இருக்கு.”

தன்னைக் குடும்பத்தில் சேர்த்து எண்ணாத அந்தச் சொல்லைச் சின்னவள் வாங்கிக்கொண்டாள். வட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

“அளவெடுக்கக் கூட்டிட்டுப் போனியே, அக்கா. அந்தத் துணியவாவது தைக்கக் குடுத்தியா?”

துணி, கடையில் வாங்கிய பையோடு கணக்கு மேசைக்கு அடியில் கிடந்தது.

நகலை அழிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எழும்பிக்கொண்டிருந்த சுவர்களின் வரைபடங்களும் அதில் இருந்தன; மறுநாள் கொத்தனார்கள் எதைப் பார்த்துக் கல் வைப்பார்கள் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து தன் வட்டின் எண்ணை மாற்றினாள். துவங்கும்போது பழைய எண்ணைத் தேடும் இடங்களிலும் புதியதை எழுதினாள். அசலை வைத்திருந்தவள் எண்ணை விட்டுக் கொடுத்தாள். நகல் பழைய எண்ணிலேயே இருந்துகொண்டது.

வரிசை வீடுகள் அத்தானுக்கே போயின. அத்தான் ஆபீஸில் எல்லாம் தயாராக இருக்கும்போது தாம் என்ன செய்வது என்று ஒப்பந்தக்காரர் கையை விரித்தார். மருந்துக் கடைக்கு மேலே அறையைத் திறந்து, குளியலறையைப் பெரிதாக்குவதும் மாடிக்குப் படி வைப்பதுமான சில்லறை வேலைகளால் அவள் மெல்ல மெல்லக் கால் ஊன்றினாள்.

சில ஆண்டுகள் கழித்து அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. கணினியை மாற்றியிருந்தார்கள், புதியதில் அந்த நகல் வட்டு துவங்க மறுத்தது. வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் போல் சின்னவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பொத்தானிடம் வந்தபோது மறுமுனை வாய்தவறி, “இப்பவா?” என்றது.

“இப்ப அழுத்துங்க, மேடம்.”

“என்னடி மேடம்?”

“திரை வந்துருச்சுங்களா?”

வந்துவிட்டதாக அக்கா சொன்னாள். சின்னவள் இணைப்பைத் துண்டித்தாள்.

அதற்குப் பிறகும் ஓரிருமுறை அக்கா அழைத்தாள். ஒவ்வொரு முறையும் மேடத்துக்கு உரிய மரியாதை குறையாமல் கிடைத்தது. ‘அக்கா’ என்று அவள் கடைசியாகக் கூப்பிட்டது கம்பியைப் பிடுங்கிய அன்று, 2016 ஆகஸ்ட் 9.